11,000 வொன், ரெண்டு தடவ நூடுல்ஸ்! | மியோங்தோங்ல ஒரு மத்தியானம்

வணக்கம் மக்களே! ரெண்டாவது தடவ நூடுல்ஸ் வச்சாங்க, காசே கேக்கல! நான் பர்ஸ எடுத்துட்டேன், அந்த அம்மா கைய ஆட்டிட்டுப் போயிட்டாங்க. இருங்க இருங்க, வரிசையா வர்றேன். இல்லன்னா வழக்கம் போல "அக்கா, எந்தக் கடை, எவ்ளோன்னு சொல்லாம கதை அளக்குறீங்க"ன்னு கீழ வந்து நிப்பீங்க.

நேத்து சியோல் போயிருந்தேன். பாஸ்போர்ட் புதுப்பிக்கணும், நம்ம தூதரகம் ஹன்னாம்தோங்ல இருக்கு, அதனால நான் இருக்குற தேஜோன்லேருந்து விடியக்காலையிலயே கிளம்பியாச்சு. என்ன ரயில்னு கேக்கவே வேணாம். மெதுவா போற முகுங்ஹ்வாதான். கேடிஎக்ஸ்னு அதிவேக ரயில்ல போனா ஒரு மணி நேரம், 23,700 வொன். முகுங்ஹ்வால ரெண்டு மணி நேரம், 10,800 வொன். மிச்சம் 12,900. இந்த 12,900-ஐ ஞாபகம் வச்சுக்கோங்க, இன்னைக்குக் கதையே இதுலதான் ஓடுது. இந்தக் காசுக்குள்ளதான் மத்தியானச் சாப்பாடு, ஒரு வொன் கூட மேல போகக் கூடாதுன்னு ரயில்ல உக்காந்தே முடிவு பண்ணிட்டேன்.

பன்னெண்டு மணிக்குள்ள வேலை முடிஞ்சிருச்சு. அகோரப் பசி. நேரா மியோங்தோங், டூரிஸ்டுங்க மொய்க்கிற சியோல் கடைத்தெரு. எனக்கு மியோங்தோங்னாலே ஆகாதுன்னு பழைய ஆளுங்களுக்குத் தெரியும். தெருவண்டி வீடியோ போட்டேன்ல? அன்னைக்கு ஒரே ஒரு இறால் குச்சிக்கு நான் குடுத்த காச இன்னி வரைக்கும் எங்கம்மாகிட்ட சொல்லல. அப்படிப்பட்ட ஏரியாவுக்கு நானே நடந்து போனேன்னா, காரணம் உங்கள்ல ஒருத்தர்தான். போன மாசம் நாங்மியோன் வீடியோல, ஐஸ் மிதக்குற ரசத்துல நூடுல்ஸ முக்கித் தர்றாங்கன்னு திட்டுனேன்ல, அதுக்குக் கீழ ஒரு தம்பி: "மியோங்தோங் கியோஜா போகாம கொரியா நூடுல்ஸ் பத்திப் பேசாதீங்க அக்கா." அதுதான் இன்னைக்கு நம்ம கடை. தம்பி, உறைச்சுதுப்பா. (நாங்மியோன் விஷயத்துல என் கருத்து மாறல. மாறவும் மாறாது.)

ஏன் உறைச்சுதுன்னா, நான் இருக்குறது தேஜோன். அது கல்குக்சு ஊரு! 'கல்'னா கத்தி, 'குக்சு'ன்னா நூடுல்ஸ். மாவ அப்பளம் மாதிரி தேச்சு, மடிச்சு, கத்தியால அரிஞ்சு போடுறது. எங்க விருதுநகருக்கு எண்ணெய் பரோட்டா எப்படியோ, தேஜோனுக்கு இது அப்படி. திருவிழாவே எடுக்குறாங்க கல்குக்சுக்கு. கொரியப் போருக்கு அப்புறம் அமெரிக்காவுலேருந்து உதவியா கோதுமை மாவு வந்துச்சுல்ல, அது ரயில் வழியா நாட்டுக்குள்ள போறப்ப தேஜோன்தான் பெரிய சந்திப்பு. மாவு இறங்குன ஊர்ல நூடுல்ஸும் ரொட்டியும் பெருகிருச்சு. நான் ஊருக்கு வர்றப்ப எல்லாம் பெட்டி பெட்டியா தூக்கிட்டு வர்ற சொங்சிம்தாங் பேக்கரி கூட 1956-ல, சர்ச்ல குடுத்த ரெண்டு மூட்டை மாவுலதான் ஆரம்பிச்சுது.

அப்புறம் அறுபது எழுபதுகள்ல அரசாங்கமே, அரிசிய மிச்சம் புடிங்க, மாவும் பார்லியும் சாப்பிடுங்கன்னு பள்ளிக்கூடத்துல டிபன் பாக்ஸத் திறந்து பாத்திருக்காங்க. எங்க மாடி வீட்டுப் பாட்டி சொல்லிச் சிரிப்பாங்க. மேல மட்டும் பார்லிய மெல்லிசாப் பரப்பி, அடியில வெள்ளச் சோறு வச்சு விடுவாங்களாம் அவங்கம்மா. வாத்தியார் ஸ்பூன விட்டுக் கிளறாத வரைக்கும் தப்பிச்சுக்கலாம்.

நம்ம கடைக்கு வருவோம். மியோங்தோங் கியோஜா ஆரம்பிச்சது 1966. அந்தக் காலத்துக் கடைதான் இதுவும். முன்ன பேரு 'மியோங்தோங் கல்குக்சு'. கூட்டம் அள்ளவும், நாடு முழுக்க ஆளாளுக்கு அதே பேர்ல போர்டு மாட்டிட்டாங்க. நம்மூர்ல அல்வாக் கடைக்குப் பக்கத்துல 'ஒரிஜினல்'னு இன்னொண்ணு, அதுக்குப் பக்கத்துல 'பழைய ஒரிஜினல்'னு இன்னொண்ணு முளைக்கும் பாருங்க, அதே கதை. கடைசியில 1978-ல அசல் கடைக்காரரே பேர மாத்திக்கிட்டு கியோஜான்னு வச்சுட்டாரு. இன்னைக்கும் சியோல்ல 'மியோங்தோங் கல்குக்சு'ன்னு எந்த மூலையில போர்டு பாத்தாலும் அது இந்தக் கடை இல்ல. 4-ஆம் லைன், மியோங்தோங் ஸ்டேஷன், 8-ஆம் நம்பர் வழி. அதே தெருவுலயே இவங்களுக்கு ரெண்டு கட்டடம் இருக்கு. வரிசை எதுல கம்மியோ அதுல நில்லுங்க.

வாசல்ல மிஷெலின் ஸ்டிக்கர, அதான் நல்ல ஓட்டல்களப் பட்டியல் போடுற புக்கு, வருஷ வாரியா ஒட்டி வச்சிருக்காங்க. ஸ்டார் இல்ல, பிப் கூர்மாண். நல்லாவும் இருக்கணும், விலையும் கட்டுக்குள்ள இருக்கணும். சியோல்ல அதுக்கு வரம்பு தலைக்கு 45,000 வொன். சியோலுக்கான முதல் பதிப்பு 2017-க்கு வந்துச்சு, அதுலேருந்தே இந்தக் கடை பட்டியல்ல இருக்கு. 45,000 எங்க, 11,000 எங்க!

வரிசை தெரு வரைக்கும் நின்னுச்சு. சரி, போச்சுடா, ஒரு மணி நேரம்னு நெனச்சேன். பதினஞ்சே நிமிஷம். உள்ள போறவங்க அரட்டை அடிக்கல, சாப்பிடுறாங்க, எந்திரிக்கிறாங்க. தனியாளா போனதுக்கு யாரும் மூஞ்சியச் சுளிக்கல. கொரியாவுல கறி சுடுற கடைக்குத் தனியாப் போய், ரெண்டு பேருக்குக் குறைஞ்சு ஆர்டர் எடுக்க மாட்டோம்னு திரும்பி வந்த கதை உங்களுக்கே சொல்லியிருக்கேன். இங்க ஒரு மூலையில எனக்கும் ஒரு ஸ்டூல்.

மெனு ஒரே பக்கம், நாலே நாலு ஐட்டம். கல்குக்சு, காரமா பிசஞ்ச பிபிம் குக்சு, வெயில் காலத்துல மட்டும் சோயாப் பால்ல போடுற கோங்குக்சு, அப்புறம் மண்டு. ஆமா, பேரே மண்டுதான், கொழுக்கட்டை மாதிரி ஆவியில வெந்தது. நம்மூர்ல யாரையாவது அப்படிக் கூப்பிட்டா அடி விழும்.

இப்ப கணக்குக்கு வாங்க. கையில 12,900. கல்குக்சு 11,000. மண்டு, ஒரு தட்டுக்குப் பத்து, 13,000. பதிமூணாயிரம்! நூறு வொன் இடிக்குது! நான் கல்குக்சு சாப்பிடத்தான் வந்தேன், ஆனா அந்த நூறு வொன்னப் பாத்ததும் வீம்பு வந்துருச்சு. நூறு வொன்னு நம்ம காசுல ஆறு, ஏழு ரூபா. அந்த ஏழு ரூபாயை மெனு அட்டையவே வெறிச்சுப் பாத்துக்கிட்டு அஞ்சு நிமிஷம் யோசிச்சேன். எதுத்தாப்புல இருந்த தாத்தா, இவளுக்குப் படிக்கத் தெரியலன்னு நெனச்சு "இது நல்லாருக்கும்"னு கல்குக்சு மேல விரல வச்சுக் காட்டுனாரு. அவர் வாக்கு. கல்குக்சு சொல்லிட்டேன்.

ஆர்டர் சொன்ன உடனே காசு. மேஜைக்கே வந்து கார்ட வாங்கித் தேச்சுட்டு, கார்டு, ரசீது, ஒரு சூயிங்கம் மூணையும் மேஜையில வச்சுட்டுப் போயிட்டாங்க. நம்மூர் டோக்கன் ஓட்டல் மாதிரி. முன்னாடியே காசு குடுக்குறது எனக்குப் பிடிக்காது, ஆனா சாப்பிட்டு முடிச்சு கவுண்டர்ல நிக்கிற வேலை மிச்சம், அது பிடிச்சிருக்கு.

வந்துச்சு. கிண்ணத்த இங்க கிட்டத்துல காட்டுறேன், லென்ஸ்ல ஆவி புடிச்சிருச்சு, மன்னிச்சுக்கோங்க. பாருங்க, சூப்பு தெளிவா இல்ல, கஞ்சி கணக்கா லேசா கொழகொழன்னு இருக்கு. கோழிச் சாறு, அதுலயே நூடுல்ஸ வேக விடுறதால மாவு கரைஞ்சு கெட்டியாகுது. மேல வதக்குன கொத்துக்கறி, வெங்காயம், சீமைச் சுரைக்கா, பூண்டுத்தாள் மாதிரி ஒரு கீரை. நாலு மூலைக்கு நாலு குட்டி மண்டு, தோலு மெல்லிசா, பட்டுத் துணி நனைஞ்ச மாதிரி சுருங்கிக் கிடக்கு. பாத்தீங்களா, 13,000 குடுக்காமலே எனக்கு மண்டு கிடைச்சிருச்சு! முதல் வாய்ல அந்தக் கறி லேசா கருகுன வாசம், பரோட்டாக் கல்லுல கடைசியா சுரண்டுவாங்கல்ல, அந்த வாசம் வந்துச்சு. அப்பவே தாத்தாவப் பாத்து தலைய ஆட்டிட்டேன்.

குறை ஒண்ணு சொல்லணும். நூடுல்ஸ் எனக்குக் கொஞ்சம் மெத்து. தேஜோன்ல மட்டி போட்டு, மிளகாத்தூள் கரைச்சு, பச்சக் கீரைய மலையாக் குவிச்சுத் தர்றப்ப பல்லுக்கு வேலை இருக்கும், விலையும் இதவிடக் கம்மி. சூப்புக்கு சியோல், நூடுல்ஸுக்கு தேஜோன். சண்டைக்கு வர்றவங்க கீழ வாங்க.

அப்புறம் கிம்ச்சி. மக்களே, பூண்டு! நான் விருதுநகர்க்காரி, பூண்டுக் குழம்புல வளந்தவ, எனக்கே காது சூடாயிருச்சு. அன்னன்னைக்குப் போடுற புது கிம்ச்சி, புளிப்பு கிடையாது, பூண்டு பச்சையா மண்டைக்கு ஏறுது. சூப்பு இல்லாம அதத் தின்ன முடியாது, அது இல்லாம சூப்பு சப்புன்னு இருக்கும். தட்டு காலியாகக் காலியாக, கேக்காமலே சுத்தி வந்து வச்சுக்கிட்டே போறாங்க.

நூடுல்ஸ் முடிஞ்சிருச்சு, சூப்பு பாதி கிண்ணம் கிடக்கு. அப்பதான் தாத்தா கைய ஒசத்தி "சாரி ஜுசேயோ"ங்கிறாரு. ஏன் மன்னிப்புக் கேக்குறாருன்னு ஒரு நொடி எனக்குப் புரியல! சாரின்னா சுருட்டி வச்ச நூடுல்ஸ் பந்து. வேற கடைங்கள்ல அதுக்குத் தனிக் காசு. இங்க தலைக்கு ஒரு ஐட்டம் வாங்குனா சாரியும் சும்மா, சோறும் சும்மா. நானும் கைய ஒசத்துனேன். ஒரு சின்ன உருண்டை வந்து கிண்ணத்துல விழுந்துச்சு. பர்ஸ எடுத்தேன், அந்த அம்மா கைய ஆட்டிட்டுப் போயிட்டாங்க. மெஸ்ல ரெண்டாவது தடவ சோறு போட்டு நடுவுல குழி பறிச்சு சாம்பார் ஊத்துவாங்கல்ல, அந்த நிம்மதி மக்களே, சியோல்ல. அப்புறம் சோறும் வாங்கி மிச்ச சூப்புல பிசஞ்சு முடிச்சேன். தாத்தா சிரிச்சுக்கிட்டே எந்திரிச்சுப் போனாரு.

சொல்ல மறந்துட்டேன், சைவம் கேக்குறவங்க: ஒண்ணும் தேறாது. சூப்பு கோழி, மண்டுல பன்னி, கிம்ச்சில கூட மீன் சாஸ், இறால் உப்பு சேர்க்குறது வழக்கம். கோங்குக்சுவ மட்டும் போன உடனே விசாரிச்சுப் பாருங்க.

அம்மாவுக்குப் போன் போட்டு, எழுநூறு ரூபாக்குள்ளதான்மா, ரெண்டு தடவ வாங்கித் தின்னேன்னு சொன்னேன். "எழுநூறு ரூபாய்க்கு நூடுல்ஸா? அதுல வீட்டுக்கே பரோட்டா வாங்கலாமேடி"ன்னு வச்சுட்டாங்க.

திரும்பி வர்றப்பவும் முகுங்ஹ்வா. பக்கத்து சீட்டுல ஒரு அக்கா, வழியில வர்ற சுவோன் ஸ்டேஷன் தாண்டுறதுக்குள்ள மாஸ்க்க எடுத்து மாட்டிட்டாங்க. நான் வாயே திறக்கல, மூக்கு வழியாவே வந்திருக்கும் போல. ரெண்டு மணி நேரம் ஜன்னலப் பாத்தே மூச்சு விட்டேன். ராத்திரி லேபுக்குப் போனா, கதவத் திறந்ததும் கூட இருக்குற பையன் நிமிந்து கூடப் பாக்காம "மியோங்தோங்கா?"ங்கிறான். இப்ப வீடியோ எடுக்க அதே கோட்ட மாட்டுனேனா, பையில என்னமோ சலசலன்னு... அடக்கடவுளே. இந்தா பாருங்க. சூயிங்கம்.