கடற்குகைகளை ஊர்ப் பதிவேட்டில் ஏற்றுவோம்

(முட்டம் அருகே நடந்த உலக மீனவர் தினக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

விழாத் தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் பங்குத்தந்தை அவர்களே, ஊராட்சி மன்றத் தலைவர் அவர்களே, எத்தனையோ வேலைகளுக்கு நடுவில் வந்திருக்கும் மீன்வளத்துறை அதிகாரி அவர்களே, நாகர்கோவிலிலிருந்து மாணவிகளை அழைத்து வந்திருக்கும் பேராசிரியை அவர்களே, வள்ளங்களைக் கரையேற்றிவிட்டுக் குடும்பத்தோடு வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம். எனக்கு முன் பேசிய தலைமையாசிரியர் கடலரிப்பைப் பற்றி அருமையாகச் சொல்லிவிட்டார். அந்தப் பக்கம் நான் போகவில்லை.

கடற்குகைகளைப் பற்றி மூன்று செய்திகள் சொல்ல வந்தேன். அங்கே என்ன வாழ்கிறது, அதை எப்படி ஆராய்கிறார்கள், எப்படிக் காப்பது. 'ஆழம் தெரியாமல் காலை விடாதே' என்பார்கள். ஆழம் தெரிந்தவர்கள் இந்தப் பந்தலுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறீர்கள்.

குகை வாசலில் வெளிச்சம் உண்டு, பாசி வளரும். உள்ளே போகப் போகப் பாசி நின்றுவிடும், சுவரெல்லாம் கடற்பஞ்சு. முழு இருட்டில் தீனி வெளியிலிருந்துதான் வர வேண்டும். பிரான்சில் மார்செய் நகருக்குப் பக்கத்தில் அப்படி ஒரு சுண்ணாம்புப் பாறைக் குகை. இறால் போன்ற பொடி உயிரிகள் இரவில் கூட்டமாக வெளியே போய் மேய்ந்துவிட்டுப் பகலில் உள்ளே திரும்பும். அவற்றின் கழிவுதான் இருட்டில் கிடக்கும் பலருக்குச் சாப்பாடு. மற்றக் கடற்பஞ்சுகளைப் போலத் தண்ணீரை வடிகட்டித் தின்னாமல், பொடி உயிரிகளைப் பிடித்துத் தின்னும் கடற்பஞ்சை 1995-ல் உலகுக்கு அறிவித்ததும் அந்தக் குகையிலிருந்துதான். அதன் உறவுக்காரர்கள் ஆயிரக்கணக்கான மீட்டர் ஆழத்தில் இருப்பவர்கள். இதுவோ சுமார் 20 மீட்டரில் கிடைத்தது!

நம் கரையில் சுண்ணாம்புப் பாறை இல்லை, சார்னோக்கைட் என்ற கெட்டியான கருங்கல் வகை. இங்கே குகை என்றால் பாரின், அதாவது கடலடிப் பாறைத்திட்டின், வெடிப்பும், பாறைக்கும் பாறைக்கும் இடையிலுள்ள பொந்தும்தான்.

சரி, கடியப்பட்டணத்தில் எனக்கு மாமா முறையுள்ள ஒருவர் சிப்பி எடுப்பவர். ஆராய்ச்சிக்கென்று வந்த ஒரு பையன் ஜிபிஎஸ் கருவியோடு அவர் வள்ளத்தில் ஏறினான். கருவி ஒரு இடத்தைக் காட்டியது. மாமா அதைத் திரும்பியே பார்க்கவில்லை. கரையில் லைட்ஹவுஸ் ஒரு பனைக்கு நேரே வந்தது, கோயில் கோபுரம் மலைமடிப்புக்கு நேரே வந்தது. இரண்டும் பொருந்தியதும், "நங்கூரத்தப் போடு மக்கா" என்றார். பையன் இறங்கினான். பாரின் அடியில் ஆள் குனிந்து நுழையும் அளவு வாய். டார்ச் அடித்தால், கூரை இடுக்கிலிருந்து சிங்கி இறால்களின் மீசை வரிசையாக நீட்டிக்கொண்டிருக்கிறது. நடுவில் ஒரு பெரிய கலவா மீன், நகராமல் இவனையே பார்க்கிறது. மேலே வந்தவன், "இது எப்படி மாமா தெரியும்?" என்று கேட்டான். "எங்க அப்பா காட்டித் தந்தது. முட்டையோட உள்ளத எடுக்கப்பிடாதுண்ணு சத்தியம் வாங்கிட்டுத்தான் காட்டினார்" என்றார் மாமா. (கைதட்டல்)

அடுத்த சீசனில் போனபோது, எங்கோ அறுந்த மடிவலை ஒன்று அந்த வாயை மூடிக் கிடந்தது. உள்ளே சிக்கிச் செத்த சிங்கிகள். மாமா மூச்சுப் பிடித்து இறங்கி இறங்கி அதை அறுத்தெடுத்தார். ஆழம் தெரியாமல் காலை விட்டவன் வலை அது. அறுத்த துண்டுகளை இன்றும் திண்ணையில் போட்டு வைத்திருக்கிறார். வருகிறவர்களிடமெல்லாம் எடுத்துக் காட்டுகிறார்.

ஐரோப்பிய நாடுகள் 1992-லேயே கடற்குகையைக் காக்க வேண்டிய வாழிடமென்று சட்டத்தில் எழுதிவிட்டன. நம்மிடமும் சட்டம் இருக்கிறது. 2002-ஆம் ஆண்டின் உயிரியல் பல்வகைமைச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சிக்கும் மேலாண்மைக் குழு வேண்டும்; ஊர்க்காரர்களிடம் கேட்டு மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுத வேண்டும். அதில் மரம், செடி, பறவையோடு பாரும் பொந்தும் ஏற வேண்டும். சொன்னவர் பெயரும் ஏற வேண்டும். அப்புறம் ஒன்று: இடத்தின் அடையாளம் ஊர்க் குழுவின் கையில் மட்டும் இருக்கட்டும். ஊரறியச் சொன்னால் ஒரே சீசனில் சிங்கி காலி.

துறைமுகம், எண்ணெய்க் கிணறு என்று யார் வந்தாலும் ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று சொல்ல நமக்கு வாய் இருக்கிறது; காட்டக் கையில் காகிதம் இல்லை. தலைவர் அவர்கள் வருகிற ஜனவரி 26 கிராமசபையில் இதைத் தீர்மானமாக வைக்க வேண்டும். கையெழுத்துத் தாள் பந்தல் வாசலில் இருக்கிறது. சாப்பிடப் போகும் முன் போட்டுவிட்டுப் போங்கள். நன்றி, வணக்கம்.