டி. எல். மூடியும் நம்ம ஊர்ப் பெண்பிள்ளைகளும்

(வேலூரில் நடந்த எழுப்புதல் கூட்டத்தின் மாலை அமர்வில் பேசியது)

அவைத்தலைவர் ஆயர் ஐயா அவர்களே, மாமன்ற உறுப்பினர் அம்மா அவர்களே, ராணிப்பேட்டையிலிருந்து வந்திருக்கும் காலணித் தொழிற்சாலை உரிமையாளர் ஐயா அவர்களே, பெண்கள் ஐக்கிய சங்கத்துத் தாய்மார்களே, எல்லோருக்கும் கர்த்தருடைய நாமத்தில் ஸ்தோத்திரம். மற்ற சமய நண்பர்களுக்கு என் வணக்கம். உரிமையாளர் ஐயாவைப் பற்றி ஒரு வார்த்தை. இந்தப் பந்தல் செலவு முழுக்க அவருடையது. பேரைச் சொல்லக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சரி, சொல்லவில்லை. கையை மட்டும் தட்டிவிடுங்கள்.

அமெரிக்காவின் பேர்பெற்ற சுவிசேஷப் பிரசங்கியார் டி. எல். மூடியைப் பற்றி மூன்று காரியங்கள் சொல்லப்போகிறேன். அவர் வளர்ந்த விதம், பிரசங்கம் செய்த முறை, 1871-இல் சிகாகோ நகரம் எரிந்தது அவரை எப்படி மாற்றியது என்பது.

1837-இல் அமெரிக்காவில் நார்த்ஃபீல்டு என்ற சின்ன ஊரில் பிறந்தார். அப்பா கொத்தனார். பையனுக்கு நாலு வயதில் அப்பா போய்விட்டார். வீட்டில் பிள்ளைகள் ஒன்பது பேர், கடைசி இரட்டையர் அப்பா இறந்த பிறகு பிறந்தவர்கள். பள்ளிக்கூடம் போனது கொஞ்சம்தான். பதினேழு வயதில் பாஸ்டனில் மாமாவின் செருப்புக் கடையில் வேலை. ஆம்பூர்க்காரர்கள் இப்போது நிமிர்ந்து உட்காரலாம்.

கோயிலுக்குத் தவறாமல் போகவேண்டும் என்று மாமா நிபந்தனை போட்டார். ஓய்வுநாள் பள்ளியில் யோவான் சுவிசேஷத்தை எடுங்கள் என்கிறார் வாத்தியார் கிம்பல். நம்ம பையன் ஆதியாகமத்தில் தேடிக்கொண்டிருக்கிறான்! பக்கத்துப் பையன்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சிரிக்கிறார்கள். கிம்பல் ஒன்றும் சொல்லவில்லை, பக்கத்தைத் திறந்து தன் புத்தகத்தையே நீட்டினார். இந்த மேடையில் இருக்கிற வாத்தியார்களில் எத்தனை பேர் அப்படிச் செய்திருப்போம்? நானாக இருந்தால் பெஞ்சுமேல் ஏற்றியிருப்பேன். அப்புறம் 1855 ஏப்ரல் 21. அந்தப் பையனிடம் ஆத்தும காரியம் பேசவேண்டும் என்று கிம்பல் கடைக்குப் புறப்பட்டார். அவர் கூச்ச சுபாவம். வேலை நேரத்தில் போய்ப் பேசினால் மற்ற சிப்பந்திகள் பையனைக் கேலி செய்வார்களே என்று யோசித்துக்கொண்டே நடந்தவர், கடையைத் தாண்டிப் போய்விட்டார்! திரும்பி வந்து விறுவிறுவென்று உள்ளே நுழைந்தார். பின்கட்டில் பையன் செருப்புகளைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டிருந்தான். தோளில் கை வைத்தார், ரெண்டு வார்த்தை பேசினார், அவ்வளவுதான். அங்கேயே பையன் தன்னைக் கர்த்தருக்குக் கொடுத்தான். ஆனால் சபையில் சேர விசாரணைக்குப் போனபோது கேள்விக்குப் பதில் வரவில்லை. காத்திரு என்று சொல்லிவிட்டார்கள், ஏறக்குறைய ஒரு வருஷம்! பின்னால் பிரசங்கத்துக்கு இங்கிலாந்தையே திரட்டிய மனிதர் இவர். சபைக் கமிட்டிகள் அன்றைக்கும் அப்படித்தான். ஆயர் ஐயா சிரிக்கிறார்கள்.

ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கற, பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கற என்பார்கள். மூடிக்குப் பாட்டு வராது. அதனால் சாங்கி என்ற பாடகரைக் கூட்டிக்கொண்டார். 1873 முதல் 1875 வரை இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, அயர்லாந்து எங்கும் இவர் பேச, அவர் பாட, ஜனங்கள் திரண்டார்கள். பாட்டுப் புத்தகம் விற்ற ஆதாயத்தை இருவரும் பைக்குள் போட்டுக்கொள்ளவில்லை. அது நார்த்ஃபீல்டில் பள்ளிக் கட்டடமாக எழும்பியது. பாடிக் கறந்த பால் அது.

அந்தப் பள்ளி ஏன் வந்தது? ஒருநாள் மலைப்பாதையில் போகும்போது ஒரு வீட்டைப் பார்த்தார். அப்பா பக்கவாதத்தில் கிடக்கிறார், அம்மாவும் பெண்களும் தொப்பி பின்னிப் பிழைக்கிறார்கள். இந்தப் பெண்களுக்குப் படிப்பு எங்கே என்று மனிதருக்குத் தாங்கவில்லை. 1879-இல் பெண்கள் பள்ளி திறந்தது. அங்கே படித்த பிள்ளைதான் நம்ம வேலூர் டாக்டரம்மா ஐடா ஸ்கடர். திண்டிவனத்தில் ஒரே ராத்திரியில் மூன்று பேர், பிரசவத்தில் தவிக்கும் மனைவிக்கு ஒரு பெண் உதவிக்கு வரவேண்டும் என்று கதவைத் தட்டிய கதை உங்களுக்கு மனப்பாடம், விடுகிறேன். 1900-இல் ஒரே ஒரு படுக்கையோடு வேலூரில் வைத்தியம் தொடங்கினார். 1918-இல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி. அதுதான் இன்றைக்கு நம்ம சி.எம்.சி., கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி.

குடியாத்தத்திலும் பேரணாம்பட்டிலும் மடியில் முறம் வைத்துப் பீடி சுற்றுகிற பெண்கள் அந்தத் தொப்பி பின்னிய பெண்களேதான். பத்தாம் வகுப்போடு நின்று ஷூ கம்பெனி பஸ் ஏறும் பிள்ளைகளும் அவர்களே. நம்ம சபை மண்டபம் சாயங்காலம் பூட்டிக் கிடக்கிறது. ஆறு முதல் எட்டு வரை அதைத் திறந்து கொடுங்கள், ஓய்வுபெற்ற வாத்தியார்கள் நாங்கள் சம்பளமில்லாமல் பாடம் எடுக்கிறோம். சபைகளை நிர்வகிக்கும் சேகரக் கமிட்டிக்கு ஆடிப் பார்த்தாயிற்று, இன்றைக்குப் பாடுகிறேன். உரிமையாளர் ஐயாவுக்கும் ஒரு பாட்டு இருக்கிறது: சனிக்கிழமை ஷிப்டை ஐந்து மணிக்கு விட்டால் போதும்.

நேரம் முடிந்தது என்று சீட்டு வந்துவிட்டது. பிரசங்க முறையும் சிகாகோ தீயும் அடுத்த கூட்டத்துக்கு. மண்டபத்தைத் திறக்கக் கேட்கும் மனுத் தாள் வாசல் மேசைமேல் இருக்கிறது. கையெழுத்துப் போடாமல் சாப்பாட்டுப் பந்திக்குப் போகாதீர்கள். பேனா ஒன்றுதான் வைத்திருக்கிறோம், உங்கள் சட்டைப்பையில் இருப்பதை எடுத்துக்கொண்டு வாருங்கள். வணக்கம்.