கடைசி இரண்டு வாரத்தில் ‘யூசபிலிட்டி’ பார்த்துக்கொள்ளலாமா? – சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம். இந்த வாரம் வந்த கேள்விகளில் ஒன்று மட்டும் மனதில் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. மார்த்தாண்டத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வாசித்துவிடுகிறேன்: “சார், நாங்கள் நாலு பேர். குலசேகரம் பக்கம் ரப்பர் ஷீட் வாங்குகிற வியாபாரிகளுக்கு ஒரு வெப் அப்ளிகேஷன் செய்கிறோம். ஆறு மாத வேலை. கடைசி இரண்டு வாரத்தை யூசபிலிட்டிக்கு, அதாவது பயன்படுத்த வசதியாக இருக்கிறதா என்று பார்த்துச் சரிசெய்வதற்கு, ஒதுக்கியிருக்கிறோம். போதுமா? அல்லது அதற்கென்று தனியாக ஒரு டிசைனரை எடுக்க வேண்டுமா?”

இரண்டு வாரமாவது ஒதுக்கியிருக்கிறீர்களே, அதற்கே பாராட்டு. நான் நாகர்கோவிலில் ரயிலேறித் தினமும் திருவனந்தபுரம் போய் வேலை பார்த்த காலத்தில் இரண்டு மணி நேரம்கூட ஒதுக்கமாட்டார்கள். ஆனால் பதில், போதாது. நாலு வாரமாக்கினாலும் போதாது. கடைசியில் வைக்கிறீர்கள் பாருங்கள், அங்கேதான் சிக்கல். பூச்சு முடிந்து பெயின்டும் அடித்த பிறகு எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு சுவிட்ச் போர்டு எங்கே வைக்கலாம் என்று கேட்டால் அவர் என்ன செய்வார்? சுவரை உடைப்பார். இல்லாவிட்டால் சுவருக்கு வெளியே வயரை மூடும் கேசிங்கை ஓட்டிவிட்டுப் போவார். நம்மில் முக்கால்வாசிப் பேர் செய்வது இந்தக் கேசிங் வேலைதான்.

வழக்கமாகப் பார்க்கிறவர்கள் “ஆரம்பிச்சிட்டாரு” என்று சிரிப்பீர்கள். ஆமாம், மறுபடியும் தோவாளைப் பூக்கடைதான். ஆனால் போன தடவை சொல்லாமல் விட்ட விலை விஷயத்தை இந்த முறை சொல்கிறேன்.

புதிதாக வந்தவர்களுக்காக: தோவாளைச் சந்தையில் ஒரு கமிஷன் கடைக்குப் பில் போடும் அப்ளிகேஷன் எழுதிக் கொடுத்தோம். விவசாயி பூ கொண்டுவருவார், கடையில் எடை போட்டு விற்றுக் கொடுப்பார்கள், கமிஷன் கழித்து மீதியைக் கொடுப்பார்கள். சின்ன வேலைதானே என்று நினைத்தோம். முதலாளி வீட்டுக்குப் போய் லேப்டாப்பில் காட்டினோம். ரொம்பப் பிடித்துவிட்டது அவருக்கு. காபி எல்லாம் வந்தது.

அப்புறம் ஒரு நாள் விடியுமுன் சந்தைக்குப் போய்க் கணக்குப்பிள்ளை அண்ணாச்சி பக்கத்தில் உட்கார்ந்தேன். பிச்சிப்பூ கிலோ அறுநூறு என்று ஆரம்பித்தது. ஒன்றரை மணி நேரத்தில் நானூற்றைம்பதுக்கு இறங்கிவிட்டது. பூவுக்கு நேரம் போகப் போக விலை மாறும், ஊருக்கே தெரியும். எங்கள் டேபிளில் (புரோகிராம் விலையைச் சேமித்து வைக்கும் அட்டவணை) மட்டும் ஒரு பூவுக்கு ஒரு நாளைக்கு ஒரே விலை! அண்ணாச்சி கேட்டார்: “மக்கா, வெலைய மாத்தணும்னா எங்க அமுக்கணும்?” காட்டிக் கொடுத்தேன். மாற்றினார். உடனே அதுவரை போட்டிருந்த பில் எல்லாம் புது விலைக்கு மாறிவிட்டது. ஏன் என்றால் பில்லில் நாங்கள் விலையையே சேமிக்கவில்லை. எடையை மட்டும் வைத்துக்கொண்டு, திறக்கும்போதெல்லாம் விலை டேபிளிலிருந்து எடுத்துப் பெருக்கிக் காட்டினோம். அறுநூறுக்கு விற்ற விவசாயி கணக்கு நானூற்றைம்பதில் நிற்கிறது.

அண்ணாச்சி ஒன்றும் கோபப்படவில்லை. பக்கத்தில் இருந்த நோட்டைத் திருப்பிக் காட்டினார். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றில் பறக்காமல் இருக்க அதன்மேல் ஒரு எடைக்கல். உள்ளே 600 என்று எழுதி, ஒரே கோடாக அடித்து, மேலே 450. அடித்ததும் வாசிக்கத் தெரிகிறது, புதியதும் தெரிகிறது. எந்தப் பில் எந்த விலையில் என்று அந்த வரியைப் பார்த்தே சொல்லிவிடலாம். நாங்கள் மூன்று மாதம் எழுதிய புரோகிராமைவிட அந்த நோட்டு நன்றாக டிசைன் செய்யப்பட்டிருந்தது.

இதைச் சரிசெய்ய எந்தப் பட்டனை நகர்த்துவது? எந்த நிறத்தை மாற்றுவது? ஒன்றும் முடியாது. டேபிளை மாற்றி, பில்லை மாற்றி, ரிப்போர்ட் எல்லாவற்றையும் மாற்ற வேண்டியிருந்தது. அதனால்தான் சொல்கிறேன், பயன்படுத்த வசதியாக இருப்பது திரையில் பூசுகிற சமாசாரம் இல்லை, இந்த டேபிள்கள் எல்லாம் இருக்கிற டேட்டாபேஸில் ஆரம்பிக்கிறது. நம் ஊரில் தினமும் பார்க்கிறோமே, ‘லாஸ்ட் நேம் கட்டாயம்’ என்று ஒரு பெட்டி. நமக்கு அப்பா பெயரில் ஒரு இனிஷியல், அவ்வளவுதான். ஒரு புள்ளியைத் தட்டிவிட்டுப் போகிறோம். அப்புறம் ஏதோ ஒரு டிக்கெட்டில் நம் பெயர் புள்ளியோடு அச்சாகி வருகிறது. இதுவும் டேபிள் போட்டவர் செய்த தவறு, திரை வரைந்தவர் என்ன செய்வார்?

தமிழில் பெயர் வாங்குகிறீர்கள் என்றால் இன்னொன்று. ‘கன்னியாகுமரி’ நமக்கு ஏழு எழுத்து. எழுத்துகளுக்குக் கம்ப்யூட்டரில் எண் கொடுக்கும் யூனிகோடில் அது 12 குறியீடு, அதைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் 36 பைட். ‘20 எழுத்து’ என்று வரம்பு வைக்கும்போது எதை எண்ணுகிறீர்கள் என்று பாருங்கள்.

சரி, பூக்கடைக்கு வருகிறேன். அதே நாள் இன்னொன்றும் நடந்தது. நெட் மெதுவாக இருந்தது. அண்ணாச்சி ‘சேமி’யை அமுக்கினார், திரையில் ஒரு அசைவும் இல்லை, மறுபடி அமுக்கினார். 12 கிலோ பிச்சி 24 கிலோவாகிவிட்டது. ஒரு விநாடிக்கு மேல் போனால் மனிதனுக்கு நினைப்பு அறுந்துவிடும், பத்து விநாடி போனால் கவனமே வேறு பக்கம் போய்விடும் என்று யூசபிலிட்டி ஆராய்ச்சியாளர் ஜேக்கப் நீல்சன் 1993லேயே எழுதிவிட்டார். அமுக்கியதும் பட்டனை மங்கலாக்கினோம். அது பாதிதான். ஒவ்வொரு பில்லுக்கும் போனிலேயே ஒரு தனி எண்ணைக் கொடுத்து, அதே எண் இரண்டாவது தடவை வந்தால் சர்வர் புதிதாகப் பதியக்கூடாது என்று வைத்தோம். இதை எந்த டிசைனர் செய்வார்? எஞ்சினியர் வேலை தம்பி இது.

எத்தனை பேரைப் பார்க்க வேண்டும் என்று அடுத்துக் கேட்பீர்கள். நீல்சனும் அவரோடு ஆய்வு செய்த லாண்டவரும் போட்ட கணக்கில் ஒருவரைப் பார்த்தால் சராசரியாக 31 சதவீதச் சிக்கல் தெரியும், ஐந்து பேரில் கிட்டத்தட்ட 85 வந்துவிடும். ஒரே தடவையில் பதினைந்து பேரைப் பார்ப்பதற்குப் பதில் ஐந்தைந்து பேராக மூன்று தடவை, நடுநடுவே திருத்திக்கொண்டு பார்ப்பது நல்லது. ஆனால் ஐந்து முதலாளிகளைப் பார்த்துவிட்டு வந்து கணக்கு முடிந்தது என்று சொல்லாதீர்கள். பணம் கொடுக்கிறவர் முதலாளி, விரல் வைக்கிறவர் கணக்குப்பிள்ளை. முதலாளிக்கு வேண்டியது கலர் கலராக கிராஃப், கணக்குப்பிள்ளைக்கு வேண்டியது வரிசை கலைவதற்குள் பில்.

நீங்கள் என்னிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இதுதான்: ‘எங்களில் யார் போய் உட்கார வேண்டும்?’ கோட் எழுதுகிறவர் போக வேண்டும். மேனேஜர் போய்ப் பார்த்து வந்து ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தால், அந்த எடைக்கல் அதில் இருக்காது. போனால் வாயைத் திறக்கக்கூடாது. “அண்ணாச்சி, அங்க இல்ல, வலது பக்கம்” என்று ஒரு வார்த்தை சொன்னால் அன்றைய நாள் வீண். எனக்கே நாக்கு துடித்தது, மறைக்க வேண்டாம்.

மேனேஜ்மென்ட் பக்கம் ஒன்று சொல்லிவிடுகிறேன். விலைச் சிக்கல் தெரிந்தபோது ஓணத்துக்கு ஆறு வாரம் இருந்தது. ஓணத்துக்குத் தோவாளையிலிருந்து கேரளாவுக்குப் போகிற பூ கொஞ்சநஞ்சம் இல்லை. பதறிப்போய் நாலு பேராக இருந்த டீமில் இன்னும் இரண்டு பேரைச் சேர்த்தேன். மென்பொருள் திட்டங்களைப் பற்றி எழுதிய பிரெட் புரூக்ஸ் 1975லேயே எச்சரித்த அதே தவறு: தாமதமான வேலையில் ஆள் சேர்த்தால் இன்னும் தாமதமாகும். இருவர் இருவராகப் பேசிக்கொள்ளும் வழியை எண்ணினால் நாலு பேருக்குள் ஆறு, ஆறு பேருக்குள் பதினைந்து. புதிதாக வந்த இருவருக்குப் பாடம் எடுத்தே பத்து நாள் போனது. அந்த ஓணத்தை அண்ணாச்சி நோட்டிலேயே ஓட்டினார்.

உங்கள் திட்டத்துக்கு வருவோம். கடைசியில் இருக்கிற இரண்டு வாரத்தை எடுத்து, பதினைந்து நாளுக்கு ஒரு நாளாகப் பிரித்துப் போடுங்கள். முதல் நாள் டேபிள் போடுவதற்கு முன்னாலேயே வரட்டும். அன்றைக்குக் கையில் லேப்டாப் வேண்டாம், அவர்கள் சீட்டையும் நோட்டையும் மட்டும் பாருங்கள். எடையில் புள்ளி வருமா? சில போன்களில் எண் பலகை மட்டும் வரும்படி வைத்தால் புள்ளியே இருக்காது. ஷீட்டும் ஒட்டுப்பாலும் (மட்ட ரக ரப்பர்) ஒரே பில்லில் வருமா? ஷீட்டைக் கடையில் போட்டுவிட்டு, “வெல ஏறட்டும், பொறவு முடிச்சிக்கிடுதேன்” என்று சொல்கிற ஆள் இருக்கிறாரா? இருந்தால் அந்தப் பில்லுக்கு எந்த நாள் விலை?

தனி டிசைனர் எடுப்பது உங்கள் கைக்காசைப் பொறுத்தது. எடுத்தால் அவரையும் அந்த முதல் நாளே குலசேகரத்துக்குக் கூட்டிப்போங்கள். போய்விட்டு வந்து அந்த விலைக் கேள்விக்கு என்ன பதில் கிடைத்தது என்று எழுதுங்கள் தம்பி, எனக்கும் தெரிய வேண்டும்.