கயிறு யார் கையில்?

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, எனக்கு முன்பு உரையாற்றிய துணைவேந்தர் அவர்களே (பதினைந்து நிமிடத்தில் முடிப்பதாகச் சொல்லி நாற்பது நிமிடம் பேசினார்; கடிகாரத்துக்கு அடிபணியாத பேச்சு, வேலையைக் கடிகாரத்தால் அளக்கக் கூடாது என்ற என் கட்சிக்கு அதுவே முதல் சான்று), என்னைத் தகுதிக்கு மீறிப் புகழ்ந்த செயலாளர் அவர்களே, பொன்னாடை போர்த்திய புரவலர் அவர்களே, இடமின்றிக் கடைசியில் நின்றுகொண்டிருக்கும் நண்பர்களே, வணக்கம்.

மூன்று செய்திகள் சொல்ல வந்திருக்கிறேன். வேலையைக் கடிகாரத்தால் அளந்த கதை, வேலைக்கு ஒரு நோக்கம் வேண்டும் என்பது, வேலை செய்பவர்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ள வேண்டும் என்பது.

அமெரிக்கப் பொறியாளர் ஃபிரெடரிக் டெய்லர் 1911இல் தம் மேலாண்மைக் கொள்கையைப் புத்தகமாக்கினார். யோசிப்பவர் ஒருவர், செய்பவர் இன்னொருவர்; செய்பவருக்குப் பக்கத்தில் ஸ்டாப் வாட்சுடன் ஒருவர். அதே ஆண்டு அமெரிக்காவின் வாட்டர்டவுன் அரசு ஆயுதத் தொழிற்சாலையில் வார்ப்படத் தொழிலாளர்கள் அந்தக் கடிகாரத்தைக் கண்டு வேலைநிறுத்தம் செய்து வெளியேறினார்கள். விவகாரம் அந்நாட்டு நாடாளுமன்றம் வரை போனது. வேலையைவிட அதை அளக்கும் செலவு பெரிதானால் நம் பெரியவர்கள் சொல்வார்கள்: சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

நான் ஒரு நிறுவனத்தில் வேலை பார்த்தேன். பெயர் வேண்டாம். கணினியின் மவுஸ் ஐந்து நிமிடம் அசையாவிட்டால் திரையில் நம் பெயர் சிவப்பாகிவிடும். எங்கள் பிரிவில் ஓர் அம்மையார் இருந்தார். ஒரு நாள், தவறான பில்லால் பதறிப்போன முதியவர் ஒருவரிடம் நாற்பது நிமிடம் தொலைபேசியில் பேசி, பழைய ரசீதுகளை ஒவ்வொன்றாக வாசிக்கச் சொல்லி, பிழை எங்கள் பக்கம்தான் என்று கண்டுபிடித்தார். நாற்பது நிமிடமும் சிவப்பு. பக்கத்து மேசை இளைஞரோ மவுஸின் வாலில் நூல் கட்டி, மறுமுனையை மேசை விசிறியின் தலையில் முடிந்துவிட்டார். விசிறி இடம் போகும், மவுஸும் போகும். விசிறி வலம் வரும், மவுஸும் வரும். அவர் தூங்கினார். மாதக் கடைசியில் சிறந்த ஊழியர் விருது யாருக்கு? (சிரிக்கிறீர்கள், நான் அன்று கைதட்டினேன்.) ஒரு நாள் மின்சாரம் போனது, விசிறி நின்றது, குட்டு உடைந்தது. நிர்வாகம் என்ன செய்தது தெரியுமா? அசைவது மனிதக் கைதானா என்று பார்க்க இருவரை நியமித்தது. சுண்டைக்காய் கால் பணம்!

அந்த அம்மையாருக்கு நோக்கம் இருந்தது. இரண்டாவது செய்தி அவ்வளவுதான். தலைவர் மணியைத் தொட்டுவிட்டார்.

ஆனால் கயிற்றைப் பற்றிச் சொல்லாமல் இறங்க மாட்டேன். டொயோட்டா ஆலைகளில் நெடுங்காலம் உற்பத்தி வரிசையை ஒட்டி ஒரு கயிறு ஓடியது. கோளாறு கண்ட எந்தத் தொழிலாளியும் இழுக்கலாம். விளக்கு எரியும், குழுத்தலைவர் ஓடிவருவார், தீராவிட்டால் வரிசையே நிற்கும். கலிபோர்னியாவின் ஃப்ரீமாண்டில் ஜெனரல் மோட்டார்ஸ் 1982இல் மூடிய ஆலை, தரக்குறைவுக்கும் வேலைக்கு வராதவர்களுக்கும் பெயர்போனது. 1984இல் டொயோட்டாவோடு கூட்டாகத் திறந்தபோது, பழைய ஆட்களையே பெரும்பாலும் எடுத்துக்கொண்டு, அந்தக் கயிற்றை அவர்கள் கையில் கொடுத்தார்கள். தரம் உயர்ந்தது. காரணங்கள் பல, எனக்குப் பிடித்த காரணம் கயிறு.

ஆகவேதான் ஈராண்டாக மேடைதோறும் கேட்கிறேன்: அலுவலகமோ ஆலையோ மருத்துவமனையோ, தவறு கண்டால் தண்டனைப் பயமின்றி வேலையை நிறுத்தும் உரிமை ஊழியருக்கு எழுத்தில் வேண்டும். பக்கத்தில் ஆள் நிறுத்தும் செலவு மிச்சம். சுமைகூலி முக்கால் பணம் என்று நான் சொன்னது துணைவேந்தர் அவர்களுக்கும் நினைவிருக்கும்.

மூன்றாவது செய்தியை அடுத்த கூட்டத்தில் பேசுகிறேன். கோரிக்கை மனு வாசலருகே மேசையில் இருக்கிறது. கையெழுத்திட்டுப் போங்கள், பேனாவை மட்டும் வைத்துவிடுங்கள். சென்ற முறை ஐந்து காணாமல் போயின.