நாலுல போட்டாலும் ரெண்டுக் காத்து: கிழவியின்ர ஏசி பேன் கதை

வணக்கம் உறவுகளே! பின்னால ஒரு இரைச்சல் கேக்குதுதானே? மைக் பழுதில்ல. அது எங்கட கிழவியின்ர, அதான் எங்கட பழைய காரின்ர, ஏசி பேன். நாலாம் நம்பர்ல ஓடுது. சத்தத்தைக் குறைக்கச் சொல்லி ஒருத்தரும் எழுதாதீங்க, குறைக்க மாட்டன். இந்தக் கச்சான் காத்து முழுக்க நான் வெந்தது எனக்குத்தான் தெரியும். திருகோணமலை வெயிலுக்க, கோட்டை வாசல்ல மான் கூட்டம் ரோட்டை விட்டு அசையாம நிக்க, கண்ணாடியை இறக்கினா அனல், ஏத்தினா அவியல்!

சரி, விசயத்துக்கு வாறன். கோபத்தோடதான் வந்திருக்கிறன்.

பழைய வீடியோக்கள் பாத்த ஆக்களுக்குத் தெரியும், கிழவியின்ர ஏசி குளிர்ல குறையே இல்ல. காஸ் இருக்கு, கம்பிரஸர் பிடிக்குது. காத்துத்தான் வரேல்ல. ஒண்டு, ரெண்டு ஏதோ வழமை மாதிரி ஓடும். மூண்டுல, நாலுல போட்டாலும் அதே ரெண்டுக் காத்துத்தான். கொஞ்ச நேரம் ஓடினா அதுவும் சோர்ந்து போகும். இடது பக்க டேஷ்போர்டுக்குக் கீழ காலால ஒரு தட்டுத் தட்டினா திரும்ப வரும்.

ஒரு கராஜுக்குக் கொண்டு போனன். பேர் சொல்ல மாட்டன், கேக்காதீங்க. அந்த அண்ணா பேனைப் போட்டார், காதைக் குடுத்தார், "தங்கச்சி, மோட்டார் எரிஞ்சிட்டுது. ரீகண்டிஷன் ஒண்டு போடலாம், 32,000 வரும்" எண்டார். "வோல்ட் மீட்டர் வைச்சுப் பாத்தீங்களா அண்ணா?" எண்டு கேட்டன். "சத்தத்திலயே தெரியுமே" எண்டு சிரிக்கிறார்! உறவுகளே, எனக்கு உலகத்திலயே பிடிக்காத வசனம் அதுதான். 32,000 ரூபாவைச் சத்தத்தை வைச்சுச் செலவழிக்கிறதா? சாவியை வாங்கிக்கொண்டு வந்திட்டன்.

வீட்டில நான் பாத்த ஒழுங்கைச் சொல்லுறன். முதல்ல பியூஸ். எங்கட காருக்கு புளோவர், அதான் உள்ளுக்க காத்து ஊதுற பேன், அதின்ர பியூஸ் 30 ஆம்பியர். கண்ணால பாத்து நல்லம் எண்டு விடாதீங்க, ரெண்டு காலிலயும் டெஸ்ட் லாம்ப் வைச்சுப் பாருங்க. ரெண்டிலயும் பத்தோணும். எரிஞ்ச பியூஸுக்குப் பதிலா சிகரெட் பெட்டித் தாளைச் சுத்திப் போடுற ஆக்கள் இருக்கினம், கும்பிட்டுக் கேக்கிறன், செய்யாதீங்க. பெரிய பியூஸும் போடாதீங்க. பியூஸ் தப்பும், வயர் எரியும்.

அடுத்தது ரிலே, சின்னக் கரண்டால பெரிய கரண்டைத் திறந்து மூடுற சுவிச். அதே வகை ரிலே வேற இடத்தில இருந்தா மாத்திப் போட்டுப் பாக்கலாம், ஹோர்ன் ரிலே மாதிரி. கால் நம்பரையும் ஆம்பியரையும் ஒப்பிட்டுப் பாத்திட்டு மாத்துங்க. எங்கட ரிலேல பிழையில்ல.

பிறகு ரெசிஸ்டர், பேன் மெல்ல ஓடக் கரண்டைக் குறைக்கிற துண்டு. இதைப் பத்தித்தான் நிறையப் பேர் கேக்கிறீங்க. கையால திருப்பிற சுவிச் உள்ள கார்ல ஒண்டு, ரெண்டு, மூண்டுக்குக் கரண்ட் ரெசிஸ்டருக்குள்ளால போகும். நாலுல ரெசிஸ்டரை விட்டிட்டு நேரப் போகும். அதால நாலு மட்டும் நல்லா ஓடி, மத்ததெல்லாம் செத்துக் கிடந்தா, முதல்ல ரெசிஸ்டரைத்தான் சந்தேகப்படோணும். எங்கட கதை நேர் எதிர். கூடின வேகத்திலதான் இழுவை. கரண்ட் கூடக் கூடப் பிரச்சினை கூடுது எண்டா, எங்கயோ ஒரு மூட்டு, அதான் ஒரு வயர் இணைப்பு, வோல்ட்டைத் தின்னுது. அந்த இடத்திலயே எனக்கு மூளை பத்திக்கொண்டுது.

குளோவ் பொக்ஸைக் கழட்டினன். கடவுளே, அந்தக் கடைசி ஸ்க்ரூ! எந்த மனுசன் அதை அந்த இடத்தில வைச்சவன்? கண்ணுக்கும் தெரியாது, கைக்கும் எட்டாது. சின்னவன் டோர்ச் பிடிக்கிறான் எண்டு பேர், என்ர கண்ணுக்குத்தான் அடிச்சுக்கொண்டு நிண்டவன். கழட்டினவுடன ஸ்க்ரூ காப்பெட்டுக்குள்ள விழுந்திட்டுது. அதைத் தேடிக் கையை விட்டா...

ஐயோ, முக்கியமான ஒண்டைச் சொல்லாம வந்திட்டன். காப்பெட் ஈரம். கன்னியாவுக்குப் போன வீடியோவில அம்மா "காலுக்குக் கீழ நனைஞ்சு கிடக்கு பிள்ளை" எண்டு சொன்னவ, ஞாபகமா? வெந்நீர்க் கிணத்தில குளிச்சிட்டு ஏறின ஆக்களின்ர தண்ணி எண்டுதானே எல்லாரும் நினைச்சது. இல்ல. ஏசித் தண்ணி வெளியில போற குழாய் அடைச்சுக் கிடந்திருக்கு. காருக்கு அடியில சொட்ட வேண்டிய தண்ணி உள்ளுக்க சொட்டியிருக்கு. இதைக் கொஞ்சம் மனசில வைச்சிருங்க, வரும்.

இப்ப மீட்டர். மோட்டார் பிளக்கைக் கழட்டி அளந்தா 12.4 வோல்ட். இந்த இடத்திலதான் முக்கால்வாசிப் பேர் ஏமாறுறது. "வோல்ட் நல்லா வருது, அப்ப மோட்டார்தான் போச்சு" எண்டு முடிச்சிருவினம். மீட்டருக்குள்ளால கரண்ட் ஓடுறதே இல்லை எண்டு சொல்லலாம், அதால பழுதான மூட்டுக்குள்ளாலயும் முழு வோல்ட் காட்டும். பிளக்கைத் திரும்பக் கொழுவி, பேனை நாலுல ஓட விட்டு, பிளக்கின்ர பின்பக்கத்தால மீட்டர் ஊசியைக் குத்தி அளக்கோணும். அளந்தன். 8.1! பற்றரியில 12.1 நிக்குது. 4 வோல்ட் வழியில காணாமப் போகுது. மோட்டார் பாவம், அரை வயித்துச் சாப்பாட்டில ஓடிக்கொண்டிருந்திருக்கு.

யார் தின்னுறது எண்டு பிடிக்கோணும். பற்றரி பிளஸுக்கும் மோட்டார் பிளஸுக்கும் இடையில 0.4 வோல்ட்தான் போகுது. பரவாயில்ல. மோட்டார் மைனஸுக்கும் பற்றரி மைனஸுக்கும் இடையில 3.6. ஆ, மைனஸ் பக்கம்! எங்கட கார்ல வேகம் மாத்துற சுவிச்சும் மைனஸ் பக்கம்தான், கன ஜப்பான் கார்கள்ல அப்பிடித்தான். அதால சுவிச்சையும் பிரிச்சுப் பாக்கோணும். மோட்டார்ல இருந்து சுவிச் தாண்டிற வரைக்கும் 0.3. மிச்சம் 3.3 வோல்ட்டும் சுவிச்சில இருந்து காரின்ர பொடிக்கு, அதான் இரும்பு உடம்புக்கு, போற ஒரு கறுத்த எர்த் வயர்ல.

அந்த வயரைப் பிடிச்சுக்கொண்டே போனன். மஞ்சள் பிளக் ஏதாவது கண்டா கை வைக்காதீங்க, அது எயார்பேக். இடது பக்கக் கால் வைக்கிற இடத்தில, ஓரத்துப் பிளாஸ்டிக்கைக் கழட்டினா, ஒரு போல்ட். அதில பச்சை பச்சையாப் பூத்துப் போய், லக்கை, அதான் வயர் நுனியில இருந்து போல்ட்ல மாட்டுற செம்புத் தகட்டை, சுத்தின இன்சுலேசன் மண்ணிறமாகி, தொட்டா விரல் சுடுது. 13 ஆம்பியர் ஓடுது எண்டு வைச்சுக்கொண்டா, 3.3ஆல பெருக்குங்க, 43 வோட். ஒரு சோல்டரிங் அயனை அந்தப் போல்ட்ல கொழுவி விட்ட மாதிரி! காப்பெட் தண்ணி அடியில ஊறி ஊறி, எங்கட உப்புவெளி உப்புக் காத்தும் சேர்ந்து, எர்த்தைத் தின்னு முடிச்சிருக்கு. காலால தட்டேக்க திரும்ப ஓடினதும் அதாலதான், போல்ட் அசைஞ்சு கொஞ்சம் தொட்டிருக்கு.

ஒரு லக் வாங்கப் போனன். 150 ரூபாவாம்! ஒரு லக்! விரல் நகமளவு செம்புத் தகடு! "பக்கட்டா எடுத்தா குறையும் அக்கா" எண்டு கடைத் தம்பி சொல்லுறார். கிழவிக்கு எத்தினை எர்த் இருக்கு எண்டு நினைக்கிறார்? 32,000 மிச்சப்படுத்திப்போட்டு 150க்குச் சண்டை பிடிக்கிறாளே எண்டு நீங்க சிரிப்பீங்கள். சிரியுங்க. விலை விலைதானே. பேரம் பேசி 120க்கு எடுத்தன், அந்தச் சந்தோசம் தனி.

பற்றரி மைனஸைக் கழட்டிட்டு, கறுத்த வயரை நல்ல செம்பு வாற வரைக்கும் வெட்டி, லக்கை நசுக்கிக் கிரிம்ப் பண்ணி, பொடியை வெறும் தகடு மினுங்கிற வரைக்கும் சாண்ட் பேப்பரால தேய்ச்சு, இறுக்கி, மேல கிரீஸ் பூசினன். ஓட விட்டு அளந்தா எர்த்தில 0.1க்கும் குறைவு. மோட்டாருக்கு 11 வோல்ட்டுக்குக் கிட்ட. முகத்தில வந்து அடிச்ச காத்தில சின்னவன்ர தொப்பி பறந்திட்டுது.

தண்ணிக் குழாயை மறக்கேல்ல. அடியில போய் மெல்லிசா, மொட்டையா ஒரு பிளாஸ்டிக் வயர் விட்டு இழுத்தன். வேப்பஞ் சருகும் மண்ணும் சேர்ந்த ஒரு கட்டி, பின்னால குடம் குடமாத் தண்ணி. கேபின் பில்டரும் அப்பிடித்தான் கிடந்தது. அதை வீடியோவில காட்டினா நீங்க சாப்பிட மாட்டீங்கள்.

இதெல்லாம் உள்ளுக்க இருக்கிற பேன். ஓடேக்க குளிர்ந்து, நிண்டவுடன சூடாகுது எண்டு சொல்லுற ஆக்களுக்கு முன்பக்கக் கண்டென்சர் பேனைத்தான் முதல்ல பாக்கோணும். அதுக்கு வேற வீடியோ போடுறன். ஓட்டோ கிளைமேட், அதான் பேன் வேகத்தைத் தானாவே மாத்துற கார் வைச்சிருக்கிற ஆக்களுக்கு ரெசிஸ்டருக்குப் பதிலா டிரான்சிஸ்டர் மொட்யூல் இருக்கும், இதே படி அளந்து குழம்பாதீங்க. என்ன கார், எந்த நம்பர்ல எப்பிடி ஓடுது எண்டு கீழ எழுதுங்க. "காத்து வரேல்ல அக்கா" எண்டு மட்டும் எழுதினா பதில் போட மாட்டன், இப்பவே சொல்லிப்போட்டன். காப்பெட்டைக் காயப் போட்டிருக்கிறன், மழை இருட்டுது, எடுக்கோணும். வாறன்!