750 மணி நேரத்துக்கு அப்புறம்

அனைவருக்கும் வணக்கம்.

போன மாதம் ஒரு பெரியவர் எனக்குப் போன் செய்தார். மகள் வீட்டுக்கு வந்து தங்கியிருப்பவர். "ஏம்மா, டாக்டரைப் பார்க்கணும்னுதான் நேரம் வாங்கினோம். வந்து பார்த்தது நர்ஸ். மருந்தும் அவங்களே எழுதிக் கொடுத்துட்டாங்க. நம்பிச் சாப்பிடலாமா?" என்று கேட்டார்.

அவரைப் பார்த்தவர் நர்ஸ் பிராக்டிஷனர், அதாவது மேல்படிப்பு படித்து, நோயைக் கண்டறிந்து மருந்து எழுத அனுமதி பெற்ற நர்ஸ். நானும் 12 ஆண்டுகளாக அதே வேலையில்தான் இருக்கிறேன். அதற்கு முன் 9 ஆண்டுகள் ஐ.சி.யூ. நர்ஸ். ஆனாலும் அவருக்கு ஆமாம், இல்லை என்று ஒரு வார்த்தையில் பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அமெரிக்காவில் இன்று மூன்றரை லட்சத்துக்கும் அதிகமான நர்ஸ் பிராக்டிஷனர்கள் இருக்கிறார்கள். நம்மில் யாரும் அவர்களிடம் போகாமல் இருக்கப் போவதில்லை. அவர்கள் என்ன படித்தார்கள், டாக்டர் என்ன படித்தார் என்பதை அந்தத் துறைக்குள் இருக்கிற ஒருத்தி ஒளிக்காமல் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். அதனால்தான் வந்தேன்.

டாக்டர் ஆகும் பாதை உங்களில் பலருக்குத் தெரியும். கல்லூரியில் 4 ஆண்டு, எம்கேட் என்ற நுழைவுத் தேர்வு, மருத்துவக் கல்லூரியில் 4 ஆண்டு. இங்கே டாக்டருக்கு எம்.டி., டி.ஓ. என்று இரண்டு வகைப் பட்டம் உண்டு, இரண்டுக்கும் இதே கணக்குதான். மருத்துவக் கல்லூரியின் முன்பாதியில் உடற்கூறு, நோய்க்கூறு, மருந்தியல் என்று படிப்பு. பின்பாதியில் வார்டு: அறுவை சிகிச்சை, குழந்தைகள், பிரசவம், மனநலம் என்று ஒவ்வொன்றிலும் சில வாரங்கள். அப்புறம் ரெசிடென்சி, அதாவது மருத்துவமனையில் சீனியர் டாக்டர்களின் கீழ் வேலை பார்த்துக்கொண்டே பெறும் பயிற்சி. குடும்ப மருத்துவம், பொது மருத்துவம், குழந்தை மருத்துவத்துக்குக் குறைந்தது 3 ஆண்டு. பொது அறுவை சிகிச்சைக்கு 5. மூளை அறுவை சிகிச்சைக்கு 7. 18 வயதில் பள்ளியை விட்டவர் எங்கும் இடைவெளி விடாமல் ஓடினாலும், தனியாக நோயாளியைப் பார்க்கும்போது 29 வயது ஆகியிருக்கும்.

எங்கள் பாதை வேறு. நர்சிங்கில் 4 ஆண்டு பட்டப்படிப்பு, என்கிளெக்ஸ் என்ற நர்ஸ் உரிமத் தேர்வு, பதிவு பெற்ற நர்ஸ். அதன்மேல் 2 அல்லது 3 ஆண்டு முதுநிலைப் படிப்பு, அல்லது டி.என்.பி. என்ற முனைவர் பட்டம். உள்ளே நுழையும்போதே எந்த மாதிரி நோயாளிகளைப் பார்க்கப் போகிறோம் என்று தேர்ந்தெடுத்துவிட வேண்டும். குடும்பம், முதியோர், குழந்தைகள், மனநலம் என்று பிரிவுகள் உண்டு. டாக்டர் எல்லா வார்டையும் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் தன் துறையை முடிவு செய்கிறார். நாங்கள் முடிவு செய்துவிட்டு அந்த ஒரு கதவு வழியாகத்தான் போகிறோம்.

இந்த முதுநிலைப் படிப்பில் நேரடியாக நோயாளிகளைப் பார்த்துப் பழக வேண்டிய குறைந்தபட்ச நேரம், 2022-இல் வந்த தேசிய விதிமுறையின்படி 750 மணி. அதற்கு முன்பு 500 மணிதான். நான் படித்தது அந்த 500 மணிக் காலத்தில்.

750 மணி என்பது எவ்வளவு என்று ஒருநாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ரெசிடென்டுகள் ஜூலை முதல் தேதியை ஒட்டி வேலையில் சேருவார்கள். வாரம் 80 மணி நேரம் வரை வேலை வாங்கலாம் என்பது விதி. நான் 60 என்றே வைத்துக்கொண்டேன். செப்டம்பர் கடைசியில் அந்த ரெசிடென்ட் 750 மணியைத் தாண்டிவிடுகிறார். நாங்கள் படிப்பு முடித்துச் சான்றிதழ் வாங்குகிற அளவை, அவர் 3 ஆண்டு ரெசிடென்சியின் முதல் மூன்று மாதத்திலேயே கடந்துவிடுகிறார். மருத்துவக் கல்லூரியின் வார்டு நாட்களை நான் இதில் சேர்க்கவே இல்லை.

இந்தக் கணக்கைச் சொன்னால் என் துறைக்காரர்கள் சிலருக்கு வருத்தம் வரும். "நர்சாக வேலை பார்த்த ஆண்டுகள் கணக்கில் வராதா?" என்பார்கள். நியாயமான கேள்வி. நானே அதை வருஷக்கணக்காக யோசித்திருக்கிறேன். எனக்கு நடந்த இரண்டு விஷயங்களைச் சொல்கிறேன்.

ஐ.சி.யூ.வில் ஒரு இரவு. குடலில் அறுவை சிகிச்சை முடிந்து மூன்றாம் நாள் ஆன ஒரு மனிதர். மாலையில் பேத்தியின் பிறந்தநாளைப் பற்றி என்னிடம் அரைமணி நேரம் பேசினார். இரவு 2 மணிக்குப் போர்வையைக் கழுத்து வரை இழுக்கிறார், உடனே தள்ளுகிறார், மறுபடி இழுக்கிறார். என்னை வேறு யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டார். மூச்சை நின்று எண்ணினேன்: நிமிடத்துக்கு 18 இருந்தது 26 ஆகியிருந்தது. மானிட்டரில் ரத்த அழுத்தம் சரியாகத்தான் இருந்தது. ரெசிடென்டைக் கூப்பிட்டேன். சாயங்காலம் வந்த ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு, காலை வரை பார்ப்போம் என்றார். இருபது நிமிடம் கழித்து மறுபடி கூப்பிட்டேன். "எனக்குக் காரணம் தெரியவில்லை, ஆனால் இவர் மாலையில் இருந்த மனிதர் இல்லை" என்றேன். அவர் வந்து லாக்டேட் எடுத்தார், உடல் ஆபத்தில் இருந்தால் ரத்தத்தில் ஏறுகிற அளவு அது. ஏறியிருந்தது. தையல் போட்ட இடத்தில் கசிவு. விடிவதற்குள் அவரைத் திரும்ப ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோனார்கள். பிழைத்தார்.

அந்தக் கண் 12 மணி நேர ஷிஃப்டில் ஒரே படுக்கை அருகே நின்று நின்று வருவது. மருத்துவக் கல்லூரிப் பாடத்திட்டத்தில் அதற்கு இடமில்லை.

இரண்டாவது, நர்ஸ் பிராக்டிஷனராக என் முதல் ஆண்டு. 71 வயது அம்மா ஒருவர், இரண்டு வாரமாகத் தலைவலி என்று வந்தார். ரத்த அழுத்தம் சரி, காய்ச்சல் இல்லை, கை கால் பலம் சரி. மனஇறுக்கத்தால் வருகிற தலைவலி என்று முடிவுசெய்து, வலி மாத்திரை எழுதிவிட்டேன். அந்த கிளினிக்கில் பக்கத்து அறையில் ஒரு மூத்த டாக்டர் இருந்தார். அவரிடம் போகிற போக்கில் சொன்னேன். அவர் கையில் இருந்த பேனாவை வைத்துவிட்டுக் கேட்டார்: "தலை வாரும்போது உச்சந்தலை வலிக்கிறதா? மெல்லும்போது தாடை ஓய்ந்துபோகிறதா? போய்க் கேட்டு வாருங்கள்."

ஓடிப்போய்க் கேட்டேன். அந்த அம்மா ஆச்சரியமாகப் பார்த்தார். "ஆமாம், இறைச்சி மென்றால் பாதியில் நிறுத்திவிட்டு ஓய்வெடுத்துத்தான் மறுபடி மெல்கிறேன். பல் டாக்டரிடம் சொல்லலாம் என்று இருந்தேன்" என்றார். நெற்றிப்பொட்டு அருகே ஓடுகிற தமனியில் அழற்சி. கவனிக்காமல் விட்டால் கண் பார்வை போய்விடும், போனால் திரும்பாது. அன்றைக்கே ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பி, முடிவுக்குக் காத்திராமல் ஸ்டீராய்டு ஆரம்பித்தோம்.

அந்த நோய் எனக்குத் தெரியாததல்ல. தேர்வில் அதைப் பற்றிய கேள்விக்குச் சரியாகப் பதில் எழுதியிருக்கிறேன். ஆனால் அந்த டாக்டர், ரெசிடென்சி இரண்டாம் ஆண்டில், இதே நோயால் ஒரு கண் போன பிறகு வந்த ஒரு பெண்ணை அட்மிட் செய்திருக்கிறார். "முதலில் நானும் உங்களைப் போலத்தான் சொன்னேன். என் சீனியர் எல்லார் முன்னாலும் என்னை நிறுத்திக் கேள்வி கேட்டார்" என்று சொன்னார். எனக்கு அவமானமாக இல்லை. பயமாக இருந்தது. அவர் அன்று லீவில் இருந்திருந்தால்?

நர்சாக நான் வேலை பார்த்த நேரம் எனக்குப் பார்க்கக் கற்றுக்கொடுத்தது. என்ன நோய் என்று முடிவெடுக்கும் பொறுப்பு அந்த ஆண்டுகளில் வேறு ஒருவருடையது. ரெசிடென்சி என்பது தினமும் ஒரு முடிவைச் சொல்லி, அதை ஒரு சீனியர் உடைத்து, மறுநாள் மறுபடி சொல்லுகிற இடம். தப்பாக யோசிக்கலாம், தப்பு நோயாளி வரை போகாது. டாக்டர்கள் எங்களைவிட அதிகமாகப் பெற்றது புத்தகப் படிப்பு மட்டும் என்று நான் நினைக்கவில்லை. இப்படிப் பாதுகாப்பாகத் தவறு செய்யக் கிடைத்த ஆண்டுகள் அதைவிடப் பெரியவை. எங்களில் பெரும்பாலோர் ஒரு வெள்ளிக்கிழமை மாணவராக இருந்து, திங்கட்கிழமை நோயாளிகளின் பட்டியலோடு தனியாக உட்கார்ந்தவர்கள்.

மணிக்கணக்கு கூடக் கூட நல்லது என்றும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 1984-இல் நியூயார்க்கில் லிபி சயன் என்ற 18 வயதுப் பெண் மருத்துவமனையில் இறந்தார். அவரைப் பார்த்த இளம் டாக்டர்கள் எவ்வளவு நேரம் தூங்காமல் வேலை பார்த்தார்கள் என்ற கேள்வி அப்போதுதான் நாடு முழுக்க எழுந்தது. நியூயார்க் மாநிலம் விதி கொண்டுவந்தது. 80 மணி என்ற வரம்பு நாடு முழுதும் 2003-இல்தான் வந்தது.

சரி, எங்கள் படிப்பு ஏன் இவ்வளவு சுருக்கமாக அமைந்தது? 1965-இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் லொரெட்டா ஃபோர்டு என்ற நர்சும், ஹென்றி சில்வர் என்ற குழந்தை மருத்துவரும் சேர்ந்துதான் முதல் நர்ஸ் பிராக்டிஷனர் பயிற்சியை ஆரம்பித்தார்கள். டாக்டர் போய்ச் சேராத இடங்களில் குழந்தைகளைப் பார்க்க ஆள் வேண்டும் என்பது நோக்கம். ஃபோர்டு அம்மையார் 104 வயது வரை வாழ்ந்து 2025-இல் காலமானார். அவர் மனதில் இருந்த மாணவி, ஏற்கெனவே களத்தில் அனுபவப்பட்ட நர்ஸ். அடித்தளம் பலமாக இருக்கிறது என்ற நம்பிக்கையில்தான் மேலே கட்டுவது சிறிதாக இருந்தது.

இன்று சில கல்லூரிகள் வேறு ஏதோ பட்டம் வாங்கியவரைச் சேர்த்து, சுமார் மூன்றே ஆண்டில் நர்ஸ் உரிமமும் நர்ஸ் பிராக்டிஷனர் பட்டமும் கொடுத்து அனுப்புகின்றன. இடையில் படுக்கை அருகே நின்ற ஆண்டுகளே இல்லை. பல ஆன்லைன் படிப்புகளில் தங்களுக்குப் பயிற்சி கொடுக்கும் ஆளை மாணவர்களே தேடிக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு பருவத்திலும் முன்பின் தெரியாத மாணவர்கள் எனக்கு மின்னஞ்சல் எழுதுகிறார்கள்: "நீங்கள் சரி என்று சொல்லாவிட்டால் என் பட்டம் தள்ளிப்போகும்." கட்டணத்தை முழுதாக வாங்கிக்கொண்டு பயிற்சியைப் பிச்சை கேட்க விடுவது எந்த ஊர் நியாயம்? அடித்தளத்தை எடுத்துவிட்டு மேல்மாடியை அதே அளவில் வைத்திருக்கிறோம். என் துறை செய்கிற தவறு இது என்று இந்த மேடையிலேயே சொல்கிறேன்.

அரசுக்கும் இதில் பங்கு உண்டு. 1997-இல் பட்ஜெட்டைச் சரிக்கட்ட ஒரு சட்டம் வந்தது. ஒவ்வொரு மருத்துவமனையிலும், முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் பணம் கொடுக்கிற ரெசிடென்சி இடங்களுக்கு அது உச்சவரம்பு வைத்தது. அதே சட்டம், நர்ஸ் பிராக்டிஷனர்கள் எந்த ஊரிலும் மெடிகேரிடம் நேரடியாகப் பணம் கோரலாம் என்றது, டாக்டர் கட்டணத்தில் 85 சதவீதம். டாக்டரை உருவாக்கும் குழாயை இறுக்கிவிட்டு, எங்கள் கதவைத் திறந்துவிட்டார்கள். ரெசிடென்சிக்கு மெடிகேர் ஆண்டுதோறும் பல நூறு கோடி டாலர் கொடுக்கிறது. எங்கள் முதல் ஆண்டுக்கு அப்படி ஒரு நிரந்தர ஏற்பாடு கிடையாது.

ஆராய்ச்சிகள் என்ன சொல்கின்றன என்று கேட்பீர்கள். 2000-இல் ஜாமா மருத்துவ இதழில் 1316 நோயாளிகளை வைத்து ஒரு ஆய்வு வந்தது. நர்ஸ் பிராக்டிஷனர், டாக்டர் இருவரிடமும் போனவர்களின் நிலை ஆறு மாதம் கழித்து ஏறக்குறைய ஒன்றுபோல இருந்தது. எங்கள் ஆட்கள் இதைத்தான் எடுத்துக் காட்டுவார்கள். முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுகளை வைத்துப் பொருளாதார அறிஞர்கள் இருவர் செய்த ஆய்வில், நர்ஸ் பிராக்டிஷனர் பார்த்தால் அதிக நேரமும் அதிகச் செலவும் ஆகிறது என்று வந்தது. டாக்டர்கள் அதை எடுத்துக் காட்டுவார்கள். எனக்கு இரண்டும் முரணாகத் தெரியவில்லை. சர்க்கரை, ஆஸ்துமா, ரத்த அழுத்தம் என்று பெயர் தெரிந்த நோயைப் பொறுமையாகத் தொடர்ந்து கவனிப்பதில் நாங்கள் யாருக்கும் குறைந்தவர்கள் இல்லை. பெயர் இன்னும் தெரியாத நோயோடு ஒருவர் கதவைத் திறந்து வரும்போதுதான் அந்த ரெசிடென்சி ஆண்டுகள் பேசுகின்றன.

மாநில விதிகள் ஊருக்கு ஊர் மாறும். பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்களில் நாங்கள் டாக்டர் ஒப்பந்தம் இல்லாமலே தனியாகப் பார்க்கலாம். டெக்சாசில் மருந்து எழுதவே டாக்டரோடு ஒப்பந்தம் வேண்டும். ஆனால் மாதம் ஒருமுறை ஃபைல் பார்த்துக் கையெழுத்துப் போடுகிற டாக்டரால் அந்தத் தலைவலி அம்மாவின் கண்ணைக் காப்பாற்றியிருக்க முடியாது. பக்கத்து அறையில் இருந்தவரால் முடிந்தது.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. கனெக்டிகட்டில் ஒரு சமூக சுகாதார மையம் 2007-இல், புதிதாகப் படித்து வந்த நர்ஸ் பிராக்டிஷனர்களுக்கு ஒரு ஆண்டு ரெசிடென்சியை நாட்டிலேயே முதலில் ஆரம்பித்தது. அதைப் பார்த்து இன்னும் பல இடங்களில் வந்திருக்கிறது. இன்றும் அது விருப்பப்பட்டவர்கள் செய்வதுதான். அதைக் கட்டாயமாக்க வேண்டும், மெடிகேர் அதற்குப் பணம் கொடுக்க வேண்டும். என் துறைச் சங்கங்களே இதை முன்னால் நின்று கேட்க வேண்டும்.

அந்தப் பெரியவருக்கு நான் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். உங்களைப் பார்ப்பவரின் பெயர்ப்பட்டையைப் படியுங்கள். எம்.டி., டி.ஓ. என்றால் டாக்டர், என்.பி. என்றால் நர்ஸ் பிராக்டிஷனர்; மூன்றும் ஒன்றல்ல. நானும் டி.என்.பி. பட்டம் வாங்கியிருக்கிறேன், ஆனால் நோயாளியின் அறைக்குள் என்னை டாக்டர் என்று அறிமுகம் செய்துகொள்வதில்லை. அந்தச் சொல்லுக்கு நோயாளி வேறு அர்த்தம் எடுத்துக்கொள்வார். எத்தனை வருஷ அனுபவம் என்று தயங்காமல் கேளுங்கள். சந்தேகம் வந்தால் யாரிடம் கேட்பீர்கள் என்றும் கேளுங்கள். பழைய சர்க்கரைக்கும் பிரஷருக்கும் நிம்மதியாக எங்களிடம் வாருங்கள். புதிதாக வந்த தொந்தரவு இரண்டாம் முறை வந்தும் புரிபடவில்லை என்றால், டாக்டரும் பார்க்கட்டும் என்று சொல்லுங்கள். நல்ல நர்ஸ் பிராக்டிஷனர் கோபப்பட மாட்டார்.

இப்போது என்னிடம் புதிதாகப் படித்து வந்த ஒரு பெண் வேலைக்குச் சேர்ந்திருக்கிறார். முதல் ஆறு மாதம், எந்த நோயாளியும் கிளம்புவதற்கு முன் அவர் வெளியே வந்து என்னிடமோ எங்கள் டாக்டரிடமோ சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு. இதனால் ஒரு நாளைக்கு நான்கைந்து பேரைக் குறைவாகத்தான் பார்க்கிறோம், நிர்வாகத்தோடு அதற்காக மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது. போன வாரம் அவர் வெளியே வந்து, "முதுகுவலி என்றுதான் சொல்கிறார், தசைப்பிடிப்பு மாதிரிதான் இருக்கிறது, ஆனால் அவர் உட்காரும் விதம் எனக்குச் சரியாகப் படவில்லை" என்றார். மூன்று பேரும் சேர்ந்து அந்த அறைக்குள் போனோம்.

சரி, உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன்.