கோப்பை இல்லாத வரி

நேயர்களுக்கு வணக்கம்.

ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில், டே ஆறு கடலில் கலக்கும் இடத்தில் டண்டீ என்ற நகரம் இருக்கிறது. ஏறத்தாழ ஒன்றரை லட்சம் பேர் வசிக்கும் ஊர். அங்கே ஒரே தெருவில் இரண்டு கால்பந்து மைதானங்கள் இருக்கின்றன. ஒன்று டென்ஸ் பார்க், டண்டீ கிளப்பின் வீடு. மற்றொன்று டேனடைஸ் பார்க், டண்டீ யுனைடெட்டின் வீடு. ஒன்றின் வாசலிலிருந்து அடுத்ததன் வாசலுக்கு நான் நடந்து பார்த்திருக்கிறேன். மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. பிரிட்டனில் இத்தனை நெருக்கமாக வேறு இரண்டு தொழில்முறை மைதானங்கள் இல்லை. இந்த நெருக்கத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இன்று நான் சொல்லப்போகும் பல செய்திகளுக்கு இது தேவைப்படும்.

கால்பந்துக் கிளப்புகளின் வரலாற்றை ஆண்டுவாரி அட்டவணையாகப் படிக்கும் பழக்கம் எனக்குப் பல ஆண்டுகளாக உண்டு. ஒரு சீசனுக்கு ஒரு வரி. எத்தனை ஆட்டம், எத்தனை வெற்றி, எத்தனை டிரா, எத்தனை தோல்வி, போட்ட கோல், வாங்கிய கோல், புள்ளி, இடம். அதன் பக்கத்தில் ஸ்காட்டிஷ் கோப்பை, லீக் கோப்பை, ஐரோப்பியப் போட்டிகள் ஆகியவற்றில் எந்தச் சுற்று வரை போனார்கள் என்ற குறிப்பு. டண்டீ யுனைடெட்டின் அட்டவணையைத்தான் நான் அதிகம் படித்திருக்கிறேன். அதில் சிறந்த வரி எது என்று என்னைக் கேட்டால், பலரும் எதிர்பார்க்கும் வரியை நான் சொல்லமாட்டேன்.

தொடக்கத்திலிருந்து வருகிறேன். சணல் ஆலைகளில் வேலை தேடி அயர்லாந்திலிருந்து டண்டீக்கு வந்து குடியேறியவர்கள் ஏராளம். அந்தச் சமூகம் 1909ஆம் ஆண்டு மே மாதம் தொடங்கிய கிளப் இது. அப்போது பெயர் டண்டீ ஹைபர்னியன். 1923இல்தான் டண்டீ யுனைடெட் ஆனது. அடுத்த முப்பத்தைந்து ஆண்டுகளின் வரிகளை வேகமாகக் கடந்துவிடலாம். மேலே ஏறுவதும் கீழே இறங்குவதுமாக, பெரும்பாலும் இரண்டாம் நிலை லீக்கில்தான் காலம் போனது. 1954இல் மதர்வெல் அணியிடம் 12-1 என்று தோற்றார்கள். இன்றுவரை கிளப்பின் மிகப்பெரிய தோல்வி அதுதான்.

1960இல் ஜெர்ரி கெர் என்ற மேலாளர் அணியை முதல் நிலைக்குக் கொண்டுவந்தார். அதன்பின் 35 சீசன்கள் இறங்கவே இல்லை. கெர் செய்த முக்கியமான வேலை, ஸ்காண்டிநேவிய நாடுகளிலிருந்து ஆட்டக்காரர்களை அழைத்து வந்தது. ஸ்காட்லாந்துக் கிளப்புகள் வெளிநாடுகளில் அதிகம் ஆள் தேடாத காலம் அது. 1966இல் ஐரோப்பாவில் முதல்முறையாக ஆடப் போனபோது எதிரே வந்தது பார்சிலோனா. அங்கே போய் 2-1, டேனடைஸில் 2-0. இரண்டு ஆட்டத்திலும் வெற்றி.

1971 டிசம்பரில் ஜிம் மெக்லீன் பொறுப்பேற்றார். தச்சுத்தொழில் கற்றவர். அதுவரை தெருவின் அந்தப் பக்கத்தில், டண்டீ கிளப்பில் பயிற்சியாளராக இருந்தவர். கடுமையானவர் என்று அவரிடம் ஆடியவர்களே சொல்வார்கள். ஆனால் இளைஞர்களைச் சிறு வயதிலேயே கண்டெடுத்து வளர்ப்பதில் அவருக்கு நிகர் குறைவு. டேவிட் நேரி, பால் ஸ்டர்ராக், ரால்ஃப் மில்ன், மாரிஸ் மல்பாஸ் எல்லாரும் அப்படி வளர்ந்தவர்கள்தான். நேரி மட்டும் இந்த ஒரு கிளப்புக்காக 800க்கும் அதிகமான ஆட்டங்கள் ஆடியிருக்கிறார்.

மெக்லீன் காலத்து வரிகள் தொடங்கும்போதே பெரிதாக ஒன்றும் தெரியாது. 1975-76 வரியைப் பாருங்கள். பத்து அணிகள் கொண்ட பிரீமியர் டிவிஷன் முதல் நிலை லீக்காகத் தொடங்கிய ஆண்டு. யுனைடெட், அபர்டீன், டண்டீ மூன்றும் ஒரே புள்ளியில் நின்றன. கோல் வித்தியாசத்தில் டண்டீ இறங்கியது, யுனைடெட் பிழைத்தது. அந்த ஆண்டு இறங்கியிருந்தால் பின்னால் வந்தவை வந்திருக்குமா என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு. ஒரு நகரத்தின் இரண்டு கிளப்புகளில் எது மேலே இருக்கும், எது கீழே போகும் என்பதைச் சில கோல்கள் தீர்மானித்துவிட்டன.

முதல் பெரிய கோப்பைக்கு 70 ஆண்டுகள் ஆயின. 1979 டிசம்பரில் லீக் கோப்பை இறுதிப்போட்டி. கிளாஸ்கோ நகரின் ஹாம்ப்டன் மைதானத்தில் அபர்டீனோடு கோல் இல்லாமல் முடிந்தது. மறு ஆட்டத்தை டென்ஸ் பார்க்கில் வைத்தார்கள். 3-0 என்று யுனைடெட் வென்றது. அடுத்த ஆண்டு மறுபடியும் லீக் கோப்பை இறுதிப்போட்டி. இந்த முறை எதிரணியே டண்டீ, மைதானமும் டென்ஸ் பார்க். மறுபடியும் 3-0. முதல் இரண்டு பெரிய கோப்பைகளையும் வாங்கியது பக்கத்து வீட்டு முற்றத்தில்.

இப்போது 1982-83. இந்த வரியைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும். 36 ஆட்டம், 24 வெற்றி, 8 டிரா, 4 தோல்வி. போட்டது 90 கோல், வாங்கியது 35. 56 புள்ளி. முதல் இடம். அதற்கு அடுத்த இரண்டு இடங்களில் செல்டிக்கும் அபர்டீனும் இருக்கின்றன, இரண்டுக்கும் 55 புள்ளி. இரண்டுமே 25 ஆட்டங்கள் வென்றவை. அதாவது சாம்பியன் அணி, தோற்ற இரண்டு அணிகளையும்விட ஒரு வெற்றி குறைவாகப் பெற்றிருக்கிறது. வெற்றிக்கு இரண்டு புள்ளி, டிராவுக்கு ஒரு புள்ளி என்றிருந்த காலம் அது. யுனைடெட்டைக் காப்பாற்றியது, அது ஆண்டு முழுவதும் நான்கே ஆட்டங்களில் தோற்றது என்பதுதான்.

கடைசி நாள் 1983 மே 14. மூன்று அணிகளும் ஒரே நேரத்தில் வெவ்வேறு ஊர்களில் ஆடின. அபர்டீன் மூன்று நாள் முன்புதான் ஸ்வீடனின் கோத்தன்பர்க் நகரில் ரியல் மாட்ரிட்டை வீழ்த்தி ஐரோப்பியக் கோப்பை ஒன்றை வாங்கி வந்திருந்தது. வந்த சூட்டோடு எடின்பரோவின் ஹைபர்னியன் அணியை 5-0 என்று வென்றது. செல்டிக், ரேஞ்சர்ஸ் மைதானத்தில் இரண்டு கோல் பின்தங்கி, பிறகு 4-2 என்று வென்றது. யுனைடெட்டுக்கு அன்று எங்கே ஆட்டம் தெரியுமா? டென்ஸ் பார்க்கில். எதிரணி டண்டீ.

ஆட்டம் தொடங்கிய சில நிமிடங்களில் ரால்ஃப் மில்ன் தொலைவிலிருந்து பந்தைத் தூக்கி விட்டார். கோல்கீப்பரின் தலைக்கு மேலே போய் வலைக்குள் இறங்கியது. அவருக்கு 22 வயது. சற்று நேரத்தில் ஈமன் பேனன் அடித்த பெனால்டியைக் கோல்கீப்பர் தடுத்தார், திரும்பி வந்த பந்தை பேனனே உள்ளே தள்ளினார். 2-0. பிறகு டண்டீயின் இளம் முன்கள ஆட்டக்காரர் இயன் ஃபெர்குசன் ஒரு கோலைத் திருப்பினார். 2-1. ஃபெர்குசன் என்ற இந்தப் பெயரையும் மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள்.

மீதி நேரம் முழுவதும் அந்த ஒரு கோல் இடைவெளியில் கழிந்தது. செல்டிக்கின் இறுதிக் கணக்கு 55 புள்ளி, போட்டது 90, வாங்கியது 36. டண்டீ இன்னும் ஒரே ஒரு கோல் போட்டு ஆட்டம் 2-2 என்று முடிந்திருந்தால் யுனைடெட்டின் கணக்கு என்ன ஆகியிருக்கும்? 55 புள்ளி, போட்டது 90, வாங்கியது 36. ஓர் எண்கூட மாறாது. இதை முதன்முதலில் காகிதத்தில் கூட்டிப் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. இத்தனை பக்கத்தில் வந்து கைக்கு எட்டிய பட்டம் அது. கிளப்பின் ஒரே முதல் நிலை லீக் பட்டமும் அதுதான்.

அடுத்த ஆண்டு ஐரோப்பியச் சாம்பியன் கோப்பையில் அரையிறுதி வரை போனார்கள். ரோமா அணியை டேனடைஸில் 2-0 என்று வென்றார்கள். ரோமில் 3-0 என்று தோற்றார்கள். அந்த ஆண்டு இறுதிப்போட்டியும் ரோம் நகரில்தான். அதே 1983-84இல் ரேஞ்சர்ஸ் கிளப் மெக்லீனை மேலாளராக வருமாறு அழைத்தது. அவர் போகவில்லை. டேனடைஸிலேயே இருந்தார்.

மெக்லீன் காலத்தின் இன்னொரு பத்தியையும் சொல்லியாக வேண்டும். ஸ்காட்டிஷ் கோப்பைப் பத்தி. 1974, 1981, 1985, 1987, 1988, 1991. ஆறு முறை இறுதிப்போட்டி, ஆறு முறையும் தோல்வி. மூன்று முறை செல்டிக்கிடம், ஒரு முறை ரேஞ்சர்ஸிடம், ஒரு முறை செயின்ட் மிரனிடம். கடைசி முறை மதர்வெல்லிடம், கூடுதல் நேரத்தில் 4-3. மதர்வெல்லின் மேலாளர் யார் என்றால், ஜிம் மெக்லீனின் சொந்தத் தம்பி டாமி மெக்லீன். அந்த வாரம்தான் அவர்களுடைய தந்தை இறந்திருந்தார். துக்கம் ஆறாத இரண்டு பிள்ளைகள் ஆளுக்கொரு பக்கம் நின்று அந்த ஆட்டத்தை நடத்தினார்கள். அட்டவணையில் அது இரண்டே சொல்: ‘இறுதிப்போட்டி, தோல்வி’.

மெக்லீன் மேலாளர் பதவியை விட்ட மறு ஆண்டு, 1994இல், அந்தக் கோப்பை கிடைத்தது. ரேஞ்சர்ஸ் தற்காப்பில் ஒரு குழப்பம். கிறிஸ்டியன் டெய்லி உதைத்த பந்து கம்பத்தில் பட்டுக் கோல் கோட்டை ஒட்டியே உருண்டு வந்தது. ஓடி வந்த கிரெய்க் புரூஸ்டர் காலை நீட்டித் தள்ளினார். 1-0. மெக்லீன் அப்போது கிளப்பின் தலைவராக இருந்தார்.

அதற்கு அடுத்த வரி, 1994-95: கடைசி இடம், இறக்கம். 35 ஆண்டு முதல் நிலை முடிந்தது. ஓர் ஆண்டில் திரும்பி வந்தார்கள். 2010இல் ராஸ் கவுண்டியை 3-0 என்று வென்று ஸ்காட்டிஷ் கோப்பையை இரண்டாம் முறை வாங்கினார்கள். 2016இல் மறுபடியும் இறங்கினார்கள். அந்த இறக்கத்தை உறுதி செய்த தோல்வி எங்கே நடந்தது? அதுவும் டென்ஸ் பார்க்கில், டண்டீயிடம் 2-1. 1983இல் பட்டம் வென்றபோது இருந்த அதே எண்கள், அதே மைதானம், முடிவு மட்டும் நேர்மாறு. அதன்பின் நான்கு ஆண்டுகள் கீழே கிடந்தார்கள். 2022 ஆகஸ்ட் மாதத்தில் மட்டும் நெதர்லாந்தின் ஏ இசட் அணியிடம் 7-0, சொந்த மைதானத்தில் செல்டிக்கிடம் 9-0. அந்த சீசனும் கடைசி இடம்தான். 2024இல் திரும்ப வந்தார்கள். வந்த ஆண்டிலேயே நான்காம் இடம் பிடித்தார்கள்.

இனி நான் முதலில் சொன்ன அந்தச் சிறந்த வரிக்கு வருகிறேன். 1986-87. லீக்கில் மூன்றாம் இடம். ஸ்காட்டிஷ் கோப்பை: இறுதிப்போட்டி, தோல்வி. ஐரோப்பியக் கிளப்புகளுக்கான யூஈஎஃப்ஏ கோப்பை: இறுதிப்போட்டி, தோல்வி. கோப்பை ஏதும் இல்லை.

லீக்கில் மட்டும் 44 ஆட்டங்கள். ஐரோப்பாவில் 12. உள்நாட்டுக் கோப்பைகளைச் சேர்த்தால் 60ஐத் தாண்டும். பெரிய பணம் இல்லாத கிளப், சிறிய ஆட்டக்காரர் படை. பிரான்ஸின் லென்ஸ், ருமேனியாவின் கிரயோவா, அன்றைய யுகோஸ்லாவியாவின் ஹைடுக் ஸ்ப்ளிட் ஆகியவற்றைத் தாண்டிக் காலிறுதியில் மறுபடியும் பார்சிலோனா. கேரி லினேக்கரும் மார்க் ஹியூஸும் ஆடிய பார்சிலோனா. டேனடைஸில் கெவின் காலகர் போட்ட கோலில் 1-0. பார்சிலோனாவில் போய் ஆடியபோது முதலில் கோல் வாங்கினார்கள். ஆட்டம் முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது ஜான் கிளார்க் தலையால் முட்டிச் சமன் செய்தார். முடியும் தறுவாயில் இன்னொரு கோல். போட்டவர் இயன் ஃபெர்குசன். ஆம், நான்கு ஆண்டு முன்பு டண்டீ சட்டையில் யுனைடெட்டுக்கு எதிராகக் கோல் போட்டவரேதான், இப்போது யுனைடெட்டின் ஆரஞ்சுச் சட்டையில். இப்படிப் பார்சிலோனாவோடு ஆடிய நான்கு போட்டி ஆட்டங்களிலும் யுனைடெட் வென்றிருக்கிறது.

அரையிறுதியில் ஜெர்மனியின் போருசியா மன்ஷென்கிளாட்பாக் அணியை அவர்கள் ஊரிலேயே 2-0 என்று முடித்தார்கள். இறுதிப்போட்டி ஐஎஃப்கே கோத்தன்பர்க் அணியோடு, இரண்டு ஆட்டமாக. மே 6 அன்று ஸ்வீடனில் 1-0 தோல்வி. மே 16 சனிக்கிழமை ஹாம்ப்டனில் செயின்ட் மிரனோடு ஸ்காட்டிஷ் கோப்பை இறுதிப்போட்டி. கூடுதல் நேரத்தில் 1-0 தோல்வி. அந்தக் கோலைப் போட்ட செயின்ட் மிரன் ஆட்டக்காரரின் பெயரும் இயன் ஃபெர்குசன், வேறொருவர். நான்கு நாள் கழித்து, மே 20 புதன்கிழமை, டேனடைஸில் கோத்தன்பர்க்கோடு இரண்டாவது ஆட்டம்.

ஸ்வீடன் அணி முதலில் கோல் போட்டது. ஜான் கிளார்க் திரும்பி ஒன்று போட்டார். இன்னும் இரண்டு கோல் தேவைப்பட்டது. வரவில்லை. 1-1 என்று முடிந்தது, மொத்தக் கணக்கில் 2-1. ஐந்து நாளுக்குள் இரண்டாவது கோப்பையும் போயிற்று. டேனடைஸில் அன்று ஏறத்தாழ 21,000 பேர் இருந்தார்கள். அவர்கள் கலைந்து போகவில்லை. முதலில் தங்கள் ஆட்டக்காரர்களுக்காகக் கைதட்டினார்கள். பிறகு கோத்தன்பர்க் அணி கோப்பையைத் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றி வந்தபோது, தங்கள் கனவைப் பறித்த அந்த அணிக்கும் நின்றபடியே கைதட்டினார்கள். ஸ்வீடன்காரர்கள் வியந்துபோனார்கள். ஃபிஃபா அந்த ஆண்டு நேர்மையான ஆட்ட உணர்வுக்காகப் புதிதாக ஒரு விருதைத் தொடங்கியது. அது டண்டீ யுனைடெட் ரசிகர்களுக்குக் கிடைத்தது.

1986-87 வரியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கைதட்டல்தான் கேட்கிறது. ஜிம் மெக்லீன் 2020 டிசம்பர் 26 அன்று காலமானார். டேனடைஸ் வாசலுக்கு வெளியே இப்போது அவருடைய சிலை நிற்கிறது. அங்கிருந்து டென்ஸ் பார்க் கண்ணுக்கு எட்டும் தூரம்தான்.

நேயர்களே, இதுவரை கேட்டமைக்கு நன்றி. வணக்கம்.